இரண்டாவது சுருள்

எனக்கு ரத்தம் ஆகாது, போலீஸ் கொமிசேர் அய்யா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்க மாட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்தபின் பன்றி ரத்தத்தைக் கையால் தொட வேண்டியதாயிற்று. மூன்று தரம் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த வாடை நிற்கும். அன்றைக்குச் சோறு இறங்காது.

பிரெஞ்சிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நிதானமாகச் சொல்ல வேண்டியது எனக்குத் தமிழில்தான் வரும். அதைப் பிரெஞ்சில் உங்களுக்குச் சொல்ல மசூதிக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் ரஹ்மானைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். காரைக்கால்காரர், நல்ல மனிதர். அவருக்கு இந்த வேலை வாய்த்ததில் எனக்கு வருத்தம்தான்.

என் பெயர் அரிகிருஷ்ணன். ஊர் புதுச்சேரி. பிரெஞ்சுப் பட்டாளத்தின் படப்பிரிவில் எழுத்தராக சைகோனுக்கு வந்தேன். ஐம்பத்தாறில் அவர்கள் கப்பலேறினார்கள், நான் ஏறவில்லை. சாவி கொடுத்து ஓட்டுகிற சின்ன கேமரா ஒன்றும் என்னோடு தங்கிவிட்டது. அதை வைத்துத்தான் சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் ஒரு பழைய சோயா சாஸ் கிடங்கில் பேய்ப்படம் எடுக்க ஆரம்பித்தேன்.

ஒரு படத்தில் நாலு கதை. நாலுக்கும் சம்பந்தம் கிடையாது. இதை ஏன் ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று நேற்று கேட்டீர்கள். காரணம் சுலபம். ஒரு கதை பிடிக்காவிட்டால் கால் மணி நேரத்தில் அடுத்தது வந்துவிடும். நடுவில் வந்து உட்காரலாம், ஊரடங்குக்கு முன்னால் நடுவில் எழுந்தும் போகலாம். யார் மேலும் பாசம் வைப்பதற்குள் அந்த ஆள் செத்துவிடுவான். அப்புறம், எல்லாம் மலிவு. தலை பறந்தால் அதைக் கட்டிய நூல் தெரியும். நூலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பயப்படுவார்கள். வெளியில் விழுகிற குண்டுக்கு நூல் இல்லை, பாருங்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்களைக் கண்டால் குமட்டும். கணவாய்க் கருவாட்டைக் கிழித்துத் தின்றுகொண்டு, தர்ப்பூசணி விதையைக் காலடியில் துப்பிக்கொண்டு, திரையில் ஒருத்தி குடல் சரிந்து கிடப்பதை ஆவென்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அரங்கை விட்டு வெளியே வந்ததும் சட்டையை மாற்றிவிடுவேன்.

பேயாக நடித்தவள் மார்கரித். அப்பா காரைக்கால் சிப்பாய், அம்மா இந்த ஊர்க்காரி. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சொன்ன நேரத்துக்கு வருவாள். அரிசிமாவைக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு, கிடங்கின் புளித்த நாற்றத்தில் நாள் முழுக்க முகம் சுளிக்காமல் படுத்திருப்பாள். ஒரே குறை, அவளுக்குப் பயப்படத் தெரியாது. அவள் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். இந்த வருஷம் தெத் என்கிற புத்தாண்டுப் பண்டிகையில் நடந்த சண்டைக்குப் பிறகு ஜனங்கள் தெருவிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். அப்புறம் அவள் கொட்டாவிக்கு யாரும் பயப்படவில்லை. அரங்கு காலியானது.

மே மாதம் ஒரு காலை. அவளை மாவு அப்பிக்கொண்டு காத்திருக்கச் சொல்லிவிட்டு, வாளி எடுத்துக்கொண்டு ரத்தம் வாங்கப் போனேன். கேமரா எப்போதும்போல் தோள்பையில் இருந்தது. திரும்பி வரும்போது கிடங்குக்கு அடுத்த வீட்டில் ராக்கெட் விழுந்தது. கிடங்கின் கூரை பாதி உள்ளே இறங்கிவிட்டது.

வாளியைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். மார்கரித் மல்லாந்து கிடந்தாள். தொடை மேல் ஒரு உத்தரம். சாடிகள் உடைந்து சோயா ஊறலும் அவள் ரத்தமும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஈக்கள் அதற்குள் வந்துவிட்டன. முகத்து மாவு வியர்வையில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கூரை பிளந்த இடம் வழியாக வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. அப்படி ஒரு வெளிச்சம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

“அண்ணே, காலு மாட்டிக்கிச்சு,” என்றாள். “கட்டையக் கொஞ்சம் தூக்குங்க.”

ஒரு நிமிஷம் என்று சொன்னேன். அதை நானும் நம்பித்தான் சொன்னேன். பையிலிருந்து கேமராவை எடுத்துச் சாவி கொடுத்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை; தூக்குவதற்குத்தான் ஏதோ எடுக்கிறேன் என்று நினைத்தாள். புரிந்தபோது ஒன்று செய்தாள். பழக்கதோஷம், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்புறம்தான் கத்த ஆரம்பித்தாள். நான் மூன்று வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது அது.

இந்த இடத்தில் அப்துல் ரஹ்மான் நிறுத்திவிட்டார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, “இத என் வாயால சொல்ல மாட்டேங்க,” என்றார். நான் அவருக்காகக் காத்திருக்கிறேன். அவசரமில்லை.

சரி. சுருள் ஒன்று மூன்று நிமிஷம்கூட ஓடாது. அது முடிந்ததும் நிழலுக்குப் போய் அடுத்ததை மாட்டினேன். அவசரப்பட்டால் ஓரம் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போகும். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த இரண்டாவது சுருளைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

அவள் அடங்கிய பிறகு அவளுடைய சொந்த அண்ணன் ஆந்துவான் ஓடி வந்தான். உத்தரத்தை ஒரே ஆளாகத் தூக்கிப் போட்டான். அவ்வளவு கனம் இல்லாத கட்டைதான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, உடனே போய்விட்டாள், வலியே இல்லை என்றேன். அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அடக்கத்துக்குப் பூவும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் கதை எழுதினேன். இடிந்த வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற பேய். நாலாவது கதை. அந்தச் சின்ன கேமராவில் ஒலி பதியாது. வேறொருத்தியை வைத்துக் கத்தல் சேர்த்தேன். மாவும் தூசியுமாக இருக்கிற முகத்தை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். முதல் நாள் அந்த இடம் வந்ததும் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. ஒரு பெண் இருக்கையிலேயே வாந்தி எடுத்தாள். மறுநாள் வரிசை தெருமுனை வரை நின்றது. முந்தின நாள் பார்த்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். என்னைக் கேட்கிறீர்களே, அவர்களையும் கேளுங்கள்.

ஆந்துவான் நாலாம் நாள் வந்தான். தங்கை கடைசியாக நடித்த படம் என்று மூன்று கதை வரை அழுதுகொண்டே பார்த்தான். நாலாவதில் எழுந்து நின்றான். கத்தல் வேறொருத்தியுடையது; உதடு அவளுடையது. அதைப் பார்த்து அவன் வார்த்தையைப் படித்துவிட்டான். “என் தங்கச்சி என்னைக் கூப்புடுறா,” என்று பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னானாம். அண்ணே என்று அவள் கூப்பிட்டது என்னை. அதை நான் அவனிடம் திருத்தவில்லை. மறுநாள் உங்களிடம் வந்துவிட்டான்.

இரண்டாவது சுருள். அது பாதி ஓடியபோது சந்தில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். வியத்நாமியத்தில், உள்ளே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அப்போது அவளுக்குக் குரல் கம்மி, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்தால் தூசி கிளம்பும், வெயில் மறையும். யாரும் இல்லை என்று நான் சொன்னேன். போய்விட்டார்கள்.

நான் சொன்னது மார்கரித்துக்குப் புரிந்தது. அது அவள் தாய் பேசுகிற மொழி. என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு உதட்டையும் அசைக்கவில்லை. சுருள் தீரும்வரை அசையாமல் கிடந்தாள். என் மேல் கோபம் இருந்திருந்தால் அவள் காட்டியிருக்க மாட்டாளா, கொமிசேர் அய்யா?