ஏழாம் நம்பருக்கு என்ன பேரு?

— கம்பி எங்க லா? தூக்கிட்டுப் போற டெலிபோன் இந்தப் பக்கம். கடிச்ச பழத்துப் படம் போட்ட கம்ப்யூட்டர் அந்தப் பக்கம். நடுவுல சொருவுற கம்பி எங்க, லில்லியன்?

— அப்படி ஒரு கம்பியே வரலைங்களாம். கடைக்காரன்கிட்டயும் கேட்டுட்டேன். ஒவ்வொரு நம்பரா நான்தான் பாத்துத் தட்டணும்.

— இதுக்குத்தான் கிள்ளான்ல கிளாஸ் போனியாக்கும்? கோழிய ஏத்தி விட்டாலும் தட்டும் லா. சரி, சீக்கிரம் ஆவட்டும். சாயங்காலம் கம்பெனிக்காரன் பழைய போன எடுத்துட்டுப் புதுசு குடுப்பான். உள்ள இருக்கிற நம்பரெல்லாம் அதோட போச்சு.

— போன்ல நம்பர் மட்டும்தான் இருக்கு, பேரு இல்ல. யாரு யாருன்னு நீங்கதான் சொல்லணும். ஒன்னு?

— தோட்டத்து மேனேஜர். முன்னால துவான்னு போடு. மண்டையில ஒன்னும் கிடையாது, மரியாதை மட்டும் வேணும்.

— ரெண்டு?

— மீரா சாகிபு சாப்பாட்டுக் கடை. கொழம்புக்கு மீனக் காட்டிட்டு எடுத்துருவாரு, அந்த மகராசன்.

— மூணு?

— லோரி சோமு. குடிகாரன்னு போடு, போதும். நாலு, சுங்கை புரோங் நெல்லு மில்லு. அஞ்சு, கோயில் ஃபாதர். ஆறு, டயர் கடைச் சீனன்.

— என்னங்க... எட்டு மாசமாச்சு. அந்தோணிய எந்தக் கேம்புல வச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை...

— ஆரம்பிச்சிட்டியா? உன் தம்பிக்கு அடையாள கார்டே கிடையாது. புள்ள பொறந்தத பதியக்கூடத் துப்பில்லாத அப்பன் உங்கப்பன். என் கூலியாளுங்க தங்குற கோங்சி வீட்டுல இந்தோன் பயலுங்களோட படுத்துக் கிடந்தான், இமிக்ரேஷன்காரன் சேத்து அள்ளிட்டான். அங்க எனக்கு ஒருத்தனையும் தெரியாதுன்னு எத்தன தடவ சொல்றது?

— சரிங்க. ஏழு?

— அத விடு. எட்டுக்குப் போ.

— பேரு போடாம போகாதுங்க.

— என்னா மயிரு கம்ப்யூட்டர்! பொம்பளைன்னு பாக்குறியா? உன்னக் கட்டுன பொறவு அந்த ஆசையே போச்சு லா.

— பொம்பளை இல்லைங்க. நேத்து நீங்க குளிக்கப் போனப்ப அடிச்சுப் பாத்தேன். ஒரு ஆளு எடுத்தாரு. நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள மலாய்ல கேட்டாரு: "என்ன ராஃபேல், இந்த மாசமும் சம்பளத்துக்கு முன்னால இமிக்ரேஷன் லோரி வந்து உன் ஆளுங்கள அள்ளணுமா?"

— நீ என்ன சொன்ன?

— வச்சிட்டேன்.

— அதானே, உனக்கு வேற என்ன தெரியும்? கேட்டுக்க. அந்தப் பயலுங்களுக்கு மாசாமாசம் சம்பளம் குடுத்தா நீ உக்காந்திருக்கிற நாற்காலிகூட மிஞ்சாது. எந்தக் கண்ட்ராக்டர் லா பண்ணல? சம்பளத்துக்கு மொத நாள் ஒரு போன், அவ்வளவுதான். உன் தம்பி அன்னைக்கு அங்க கிடப்பான்னு நான் கண்டனா?

— கண்டீங்க. அவனும் சம்பளம் கேட்டான். வீட்டுல எடமில்ல, கோங்சியில போய்ப் படுன்னு அன்னைக்கு அனுப்புனதே நீங்கதான்.

— அனுப்புனேன் லா, இப்ப என்னாங்குற? கார்டு இல்லாத நாய்க்கு வாய் என்ன வாய்? ஏய், போன்ல என்னத்த அமுக்குற?

— ஏழுங்க. லைன்ல இருக்காரு, இந்தாங்க. என் தம்பிய விடச் சொல்லுங்க. நீங்க பேசலைன்னா நான் கோங்சிக்குப் போறேன். அந்தப் பசங்களுக்கு நம்பர் கிடையாது, அள்ளச் சொல்றது யாருன்னு நேர்லயே சொல்லிக்கிறேன்.