காலிப் பட்டியல்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி கடகடவென்கிறது. ஒரு திருகை இறுக்கினால் நின்றுவிடும். ஆனால் யாரும் இறுக்கமாட்டீர்கள். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசப் பழகிக்கொள்வீர்கள். எங்கள் அலுவலகமும் இப்படித்தான்.

நாங்கள் ஆஸ்பத்திரி பம்புகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பெட்டி அது. அந்த மென்பொருளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரப்படுத்தி, வேண்டும்போது பழைய நிலைக்குக் கொண்டுபோக ஒரு கருவி உண்டு. அதை எழுதியவன் நான். அதில் ‘திருப்பு’ என்று ஒரு கட்டளை. கோப்புகளின் பெயரைச் சொன்னால், அவை மட்டும் போன வெளியீட்டில், அதாவது கடைசியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியதில், இருந்தபடி ஆகிவிடும். பெயரே சொல்லாவிட்டால் எல்லாக் கோப்புகளும் என்று அர்த்தம். அதனால் ‘எல்லாவற்றையுமா?’ என்று ஒரு தடவை கேட்கும். இத்தனை வருஷத்தில் அதைக் குறை சொல்லி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

பிறகு அவசரக்குடுக்கை வந்தாள். பெயர் நான் வைத்தது. நுனிப்புல் மேய்கிற கூட்டத்தில் ஒருத்தி. “அண்ணா, ஒவ்வொரு பேரா அடிச்சு விரல் தேயுது. தேடற கட்டளை குடுக்கிற பட்டியலை அப்படியே உங்க கருவி ஸ்டாண்டர்ட் இன்புட்ல வாங்கிக்கிட்டா என்ன?” என்றாள். மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். “இவ்வளவு நாளா இது யாருக்கும் தோணலையே” என்று எல்லோர் முன்பும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

செய்து கொடுத்தேன். உங்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஸ்டாண்டர்ட் இன்புட் என்பது ஒரு வாசல். நீங்கள் விசைப்பலகையில் அடிக்கும் பதிலும் அந்த வாசல் வழியாகத்தான் வரும். அங்கே பட்டியல் வந்து நின்றால், ஆம் இல்லை சொல்ல மனிதனுக்கு வழி கிடையாது. அதனால் கேள்வியை எடுத்துவிட்டேன். பட்டியல் காலியாக வந்தால்? பழைய விதிதான், பெயர் இல்லை என்றால் எல்லாம். ‘காலி என்றால் எதையும் தொடாதே’ என்று ஒரு வரி போதும். எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன்.

அவளும் முழு மடச்சி இல்லை. “பட்டியல் காலியா இருந்தா என்ன ஆகும்ணா?” என்று கேட்டாள்.

“காலியா இருந்தா எதுக்கும்மா கட்டளையைக் கூப்பிடறே?” என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அப்போது அவள் பம்பில் ஒரு கோளாறைச் சரிசெய்திருந்தாள். மின்சாரம் போய் வந்தால், ஏற்கெனவே ஏற்றிய மருந்தை மறந்து, பம்பு முதலிலிருந்து மறுபடி ஏற்றும். அதற்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோதனையிலும் தேறியது. வெளியீட்டுக்கு முன்னால், சோதனைக்காகத் தற்காலிகமாக மாற்றிய கோப்புகளைத் தேடி, அந்தப் பட்டியலைத் ‘திருப்பு’க்கு அனுப்புவது அவள் வழக்கம். அன்று காலையே அந்தக் கோப்புகளை நான் பழையபடி ஆக்கி வைத்துவிட்டேன். எனக்குச் சுத்தம் பிடிக்கும்.

அவள் தேடினாள், ஒன்றும் சிக்கவில்லை. காலிப் பட்டியல் போனது. கருவி எல்லாவற்றையும் திருப்பிவிட்டு, வழக்கம்போல ‘முடிந்தது’ என்றது. அவள் செய்த திருத்தமும் போனது. என்ன நடந்தது என்ற விவரம் என் திரையில் மட்டும் வந்தது.

“அனுப்பிட்டேண்ணா” என்றாள்.

“நல்லது” என்றேன்.

அவளே கண்டுபிடித்து முழி பிதுங்கட்டும் என்று காத்திருந்தேன். கண்டுபிடிக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மென்பொருள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தானே பார்த்திருக்க வேண்டும்?

ஒரு வார்டில் மின்சாரம் போய் வந்தது. அங்கே ஓர் அம்மாவுக்கு, ஏற்றி முடித்த மருந்தைப் பம்பு முதலிலிருந்து மறுபடி ஏற்றியது. அவருக்குச் சின்ன ஆபரேஷன்தான், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். புருஷன் தையல்காரர். எங்கள் வரவேற்பறையில் வந்து நின்று, யார் செய்த பம்பு என்று கேட்டார். அவசரக்குடுக்கை ஓடிப்போய், “நான்தாங்க” என்றாள். அதற்கும் அவசரம்.

அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக நான் வரவில்லை. உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘கருவியில் இருந்த பிழையால் ஓர் உயிர் போனது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் கருவியில் பிழை கிடையாது. நான் எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்தது. பிழை என்ற வார்த்தையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.