கோடு போட்ட பேரு

அய்ய, உன் ஃபைல மட்டும் சொல்லலக்கா. இந்த பிரஸ்ஸுக்கு வர்றது எல்லாமே இப்டித்தான் கீது. ஒக்காரு, ஃபேன் காத்து இங்கதான் வரும். இத்தப் பாரு, தலைப்ப நடுவுல கொண்டாரணும்னு ஸ்பேஸ் பாரத் தட்டிகினே போயிக்கீறீங்க. அடுத்த பக்கம் போவணும்னா என்டர், என்டர், என்டர். வேர்டுல பாக்க சொல்லோ நல்லாத்தான் கீது. நான் இத்த லேஅவுட்டுல எறக்குனா வாந்தி எடுத்தா மாதிரி கொட்டும். ஒரு வரி பெருசு, ஒரு வரி பொடிசு, நடுவுல வாட்சப்புல இருந்து வந்த பூவு, கைகூப்பு. ஒரே கலீஜு. காலைல இத்தப் பாத்துட்டு டிபன் எறங்க மாட்டுது.

அதனால மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, ஃபார்மேட்ட ஒரே தட்டுல தொடச்சிருவேன். போல்டு, கலரு, கோடு ஒன்னியும் நிக்காது. வெறும் எழுத்துதான் மிஞ்சும். அதான் கேட்டேன், உங்க மகளிர் குழு மலர்ல சில பேரு மேல குறுக்கால கோடு கீதே, வேணாம்னா இப்பவே அழிச்சுட்டுக் குடு. இல்லாங்காட்டி கோடு பூடும், பேரு நிக்கும்.

ஆமாக்கா, மெய்யாலுமே நடந்துக்கீது. சிரிக்காத.

போன தையில அசோகன்னு ஒருத்தரு, வியாசர்பாடி, பத்திரிக்க அடிக்க வந்தாரு. மவன் கல்யாணத்துக்குப் போட்ட பழைய ஃபைலையே மவளுக்கு மாத்திகினு வந்துட்டாரு. அதுல பொண்ணோட அம்மா ரமாபாய் பேரு மேல செவப்புக் கோடு. எதுக்குன்னு கேட்டா, வூட்ட வுட்டு ஓடுனவ பேரு இன்னாத்துக்குன்றாரு. ஓடுனவளாம். இந்தாளு குடிச்சிட்டு வந்து அடிச்ச அடில அதுக்கு ஒரு காது கேக்காமப் பூட்டுச்சு. அப்பாலதான் எண்ணூருல ரூம் எடுத்துகினு, மணலி புதுநகர்ல ஒரு கேன்டீன்ல சப்பாத்தி போட்டுப் பொழைக்குது. இவரு இஸ்திரி சட்டைய மாட்டிகினு வந்து கோடு போடுறாரு. அவரு புடிச்ச மௌஸத் தொடவே கூசுச்சு எனக்கு. துணியால தொடச்சிட்டுத்தான் தொட்டேன்.

ஃபைல எறக்குனேன். ஃபார்மேட்ட எடுத்தேன். கோடு பூட்டுச்சு, ரமாபாய் நின்னுச்சு. ப்ரூஃப் குடுத்தா, தன் பேரு பெருசா கீதான்னு மட்டும் பாத்துட்டு ஓகேன்னு போயிட்டாரு. கார்டு எல்லாருக்கும் பூட்டுச்சு. மீஞ்சூர் சொந்தக்காரங்க போன் பண்ணி, ரமாபாய் வந்துடுச்சா, சந்தோசம்பான்னு சொன்னப்பறம்தான் எடுத்துப் படிச்சுக்கீறாரு. கடைல வந்து கத்துன கத்துல தெருவே கூடிடுச்சு. எங்க மொதலாளி ரஹீம் பாய்தான், வேர்டுல போட்ட கோடு இதுல நிக்காதுப்பா, மிஷின் பண்ற வேலன்னு சொல்லி அனுப்புனாரு. கம்ப்யூட்டரத் திட்டிகினே போனாரு.

கல்யாணத்தன்னிக்கு ரமாபாய் வந்துச்சுக்கா. பத்திரிக்கைல பேரு கீதேன்னு நம்பி வந்துச்சு. கடைசி வரிசைல, காதுமேல சீலைய இழுத்துவுட்டுகினு ஒக்காந்துனு இருந்துச்சு. புத்தர் படத்துக்கு மெழுகுவத்தி ஏத்த பொண்ணோட அம்மா அப்பாவக் கூப்டாங்க. இவரு தனியா ஏறுனாரு. பொண்ணு எறங்கிப் போயி, அந்தம்மா கையப் புடிச்சு இட்டாந்து பக்கத்துல நிக்க வச்சுது. அத்தினி பேரு கைல பத்திரிக்க கீது, அவரு இன்னா தொரத்தவா முடியும். பல்லக் கடிச்சுகினு ஒதுங்கி எடம் வுட்டாரு. அந்தம்மா மெழுகுவத்திய ஏத்திடுச்சு.

இன்னா, அதுக்கப்பறமா? மறுபடி எண்ணூருக்கு எதுக்குப் போவுது. என்னக் கட்டிக் குடுத்த வூட்டுல, என் கூடத்தான் கீது. என் வூட்டுக்காரும் இருக்கட்டும்னுட்டாரு. எங்கப்பன்தான் இன்னும் மிஷினத் திட்டிகினு கீறாரு. கோடு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா இன்னா, தெனம் இதானக்கா பண்றேன்.