லட்சத்துக்குக் கீழே

ஷ்யாம்: …இன்னும் மாறல சுபா. கிராஃப் படத்துல கமா அதே இடத்துலதான் உக்காந்திருக்கு.

சுபத்ரா: தள்ளு, பாக்கறேன். நாலு, கமா, ரெண்டு சைபர், கமா, மூணு சைபர். நாலு லட்சம். சரியாத்தானே இருக்கு?

ஷ்யாம்: நமக்கு சரி. நம்ம கட்டுரையைப் போடற பத்திரிகைக்காரங்க லட்சத்தைக் கண்டாங்களா? மூணு மூணு சைபரா பிரிக்கணுமாம்.

சுபத்ரா: மெயிலை இன்னொரு தடவை படி.

ஷ்யாம்: எத்தனை தடவை படிச்சாலும் அதேதான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள திருத்தின படம் வரலேன்னா கட்டுரை கிடையாது.

சுபத்ரா: மூணு வருஷம் ஏரித் தண்ணியை மொண்டு மொண்டு கிருமி எண்ணியிருக்கோம். ஒரு கமாவுல போயிடுமா…

ஷ்யாம்: போகாது. நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வா, நான் பாத்துக்கறேன்.

சுபத்ரா: நீ போய்க் குடி. நான் பாத்துக்கறேன்.

ஷ்யாம்: எனக்கு வேணாம்.

சுபத்ரா: டீ வேணாம்னு நீயா சொல்ற? தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கினதும் முதல்ல டீக்கடையைத் தேடறவன்…

ஷ்யாம்: இன்னிக்கு விரதம்.

சுபத்ரா: மத்தியானம் என் டப்பாவுல பாதி சாம்பார் சாதம் காணோம். அது என்ன விரதம்? சரி, சார் போன் பண்ணாராம், வராண்டாவுக்குப் போய்ப் பேசு. இங்க சிக்னல் இல்ல.

ஷ்யாம்: எனக்கா? எப்போ?

சுபத்ரா: இப்பதான். போயேன்டா.

ஷ்யாம்: சரி, போய்ப் பேசிட்டு வர்றேன்…

சுபத்ரா: என்ன, அதுக்குள்ள வந்துட்ட?

ஷ்யாம்: சார் கூப்பிடவே இல்ல. நானா போன் பண்ணி, வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றேன். நீ என்ன தட்டிட்டிருந்த?

சுபத்ரா: ஒண்ணுமில்ல. கீபோர்டுல தூசி.

ஷ்யாம்: ப்ரோக்ராம்ல கை வெக்கலியே? எவ்ளோ சுத்தமா எழுதி வெச்சிருக்கேன். தேவையில்லாம ஒரு வரி சேந்தாலும் எனக்குத் தலைவலி வந்துடும்.

சுபத்ரா: தெரியும், தெரியும். நான் எதையும் சேக்கல. ஓட்டு, பாப்போம்.

ஷ்யாம்: ஓட்டியாச்சு. படம் வருது… வந்துடுச்சு.

சுபத்ரா: கமா?

ஷ்யாம்: அசையல.

சுபத்ரா: இருக்கக் கூடாதே…

ஷ்யாம்: ஏன் கூடாது?

சுபத்ரா: இல்ல… இப்பதான் பிள்ளையாரை வேண்டிக்கிட்டேன். அதான்.

ஷ்யாம்: பிள்ளையாருக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?

சுபத்ரா: தலையையே மாத்தி வெச்சுக்கிட்டவர். ஒரு கமாவை மாத்த மாட்டாரா?

ஷ்யாம்: சரி, இப்ப நீ வெளிய போ.

சுபத்ரா: எதுக்கு?

ஷ்யாம்: நீ பக்கத்துல நின்னு மூச்சு விட்டா எனக்குக் கை ஓடல. பச்சையம்மாக்கா லேப் கூட்ட வர்ற நேரம். கொஞ்சம் கழிச்சு வரச் சொல்லிட்டு வா.

சுபத்ரா: பொதுக் கம்ப்யூட்டர்ல எதையும் மாத்திடாத. சார் சுவத்துல எழுதியே ஒட்டியிருக்கார்.

ஷ்யாம்: நானா? நான் அந்த மாதிரி ஆளா…

சுபத்ரா: சரி, சொல்லிட்டு வர்றேன்…

ஷ்யாம்: வந்துட்டியா. அக்கா என்ன சொன்னாங்க?

சுபத்ரா: படிக்கட்டு கூட்டிக்கினு இருக்காங்க. முடிச்சுட்டு வருவாங்களாம். வழக்கம்போல கேட்டாங்க, 'கிருமி லட்சத்துக்குக் கீழ வந்துச்சா'ன்னு. ஆமா, கம்ப்யூட்டர் ஏன் அணைஞ்சு வருது?

ஷ்யாம்: தானா அணைஞ்சுது.

சுபத்ரா: தானாவா?

ஷ்யாம்: பிள்ளையார்னு வெச்சுக்கோயேன். இரு, ஓட்டறேன்… சுபா. சுபா, இங்க பாரு.

சுபத்ரா: நானூறு, கமா, மூணு சைபர்… ஷ்யாம், மாறிடுச்சுடா. கீழ முந்நூறு, இருநூறு, நூறு… எல்லாம் மூணு மூணு சைபரா நிக்குது.

ஷ்யாம்: கடைசிப் புள்ளியைப் பாத்தியா? கமா கவலையில அதை மறந்துட்டோம்.

சுபத்ரா: இந்த மாசத்துப் புள்ளி… தொண்ணூத்தாறாயிரம். லட்சத்துக்குக் கீழடா.

ஷ்யாம்: மூணு வருஷத்துல முதல் தடவை. சாக்கடையைத் திருப்பி விட்டது வேலை செய்யுது. ஏரி பொழச்சுக்கும் சுபா.

சுபத்ரா: பேசாத, முதல்ல அனுப்பு. மணி ஆகுது.

ஷ்யாம்: அனுப்பறேன்… சுத்துது… சுத்துது… போயிடுச்சு.

சுபத்ரா: எப்படிடா சரி பண்ண?

ஷ்யாம்: அணைச்சுப் போட்டேன், அவ்வளவுதான். நீ ஏன் அப்படிப் பாக்கற?

சுபத்ரா: சும்மா… அக்கா, வாங்க, வாங்க. உள்ள வாங்க. இந்தத் தாளைப் பாருங்க, இப்பதான் பிரிண்டர்ல வந்தது. சூடா இருக்கு.

பச்சையம்மா: இன்னா, ரெண்டு பேரு மூஞ்சியும் இப்டி ஜொலிக்கிது? எங்க வூட்டாண்ட ஏரி படமா? குடு… இது இன்னா பாப்பா, நூறுன்னு போட்டு பக்கத்துல மூணு சைபர் கீது? லட்சம் எங்க?

ஷ்யாம்: அதுதான்க்கா லட்சம். வெளிநாட்டுக் கணக்கு. புள்ளி அதுக்குக் கீழ வந்துடுச்சு.

பச்சையம்மா: கீழயா? முருகா… நெசமாவா தம்பி?

சுபத்ரா: நிஜம்க்கா. நீங்க வேண்டிக்கிட்டபடி குன்றத்தூர் முருகனுக்குப் பால்குடம் எடுத்துட வேண்டியதுதான். ஆனா ஒண்ணு, முன்னாடி நீங்களே லட்சம்னு பாத்துப் படிச்சீங்க… இதுல அது இல்ல. மன்னிச்சுக்கோங்க.

பச்சையம்மா: அட, அதுக்கு இன்னா பாப்பா. பழைய மாரியே ஒண்ணு போட்டுக் குடு, வூட்டுல முருகன் படத்தாண்ட ஒட்டணும். ஆனா இந்தத் தபா ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பண்ணாதீங்க. முன்ன ஒரு நாளு, 'நீ படிக்கறதுக்கோசரம் கம்ப்யூட்டரையே நம்ம ஊர் கணக்குக்கு மாத்திட்டேன், சுபாவாண்ட சொல்லாதக்கா'ன்னு தம்பி சொல்லிட்டுப் போச்சு. அன்னிக்கே சாயங்காலம் பாப்பா நீ வந்து, 'உனக்கோசரம் ப்ரோக்ராம்ல ஒரு வரி சேத்துக்கீறேன், ஷ்யாமாண்ட சொல்லாதக்கா, திட்டுவான்'னு சொன்ன. ரெண்டு பேரும் அவ்ளோ ஆசையா சொன்னீங்க, நான் எப்டி வாயத் தொறக்கறது? பால்குடத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்துடுங்க… இப்போ கால தூக்குங்க, கூட்டணும்.