மூணாவது தடவை ரத்தம்

— மறுபடியும் ஊசியா? இதோட மூணாவது தடவைம்மா. கையில நரம்பே மிச்சமில்ல.

— தெரியுதுக்கா. உங்களை அலைய விடணும்னு எங்க லேபுக்கு ஆசையா? ரெண்டு தடவையும் ரிசல்ட் சரியா வரல.

— நான்தான் தலைபாடா அடிச்சுக்குறேனே. ஆபரேஷன்ல முட்டியில வச்ச உலோகம் இவளுக்கு ஒத்துக்கிட்டுதான் இருக்கு. எல்லாம் மனப்பிரமை.

— நீங்க சும்மா இருங்க. மூணு வருஷமா முட்டி தணலா எரியுது.

— உனக்கு வலியே இல்லடி. நினைச்சு நினைச்சு வரவழைச்சுக்குற. மகன்கிட்டயும் டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்.

— சார், கொஞ்சம் இருங்க. பாருங்கக்கா, உங்க ரத்தத்துல உயிரோட இருக்குற வெள்ளை அணுவைப் பிரிச்சு, முட்டி உலோகத்துல கலந்திருக்குற நிக்கலை ஒண்ணுல சேர்ப்போம், கோபால்ட்டை இன்னொண்ணுல. உடம்புக்கு ஆகாத உலோகம்னா அணு பெருகும். உங்களுக்குப் பெருகல.

— அப்ப போச்சு. ஒத்துக்கலன்னு ரிசல்ட்டுல வந்தாதான் உலோகத்தை மாத்துவேன்னு டாக்டர் ஒரே பிடியா நிக்கிறார்.

— முழுசாக் கேளுங்க. யாரோட அணுவையும் பெருக வைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. சரிபார்க்க அதையும் சேர்ப்போம். அதுக்கும் அசையல. ஏதோ ஒண்ணு அணுவை அமுக்கி வச்சிருக்கு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா?

— அதெல்லாம் இல்லம்மா. ராத்திரி ஒரு சத்து மாத்திரை. அதையும் இவர்தான் பிரிச்சுக் கையில தருவார்.

— அந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்க சார்.

— அது... வீட்டுல இருக்கு.

— பையிலதானே இருக்கு? இன்னிக்குத் தங்கச்சி வீட்டுல தங்கணும்னு காலையில நீங்கதானே எடுத்து வச்சீங்க? இந்தாம்மா, பாரு.

— சார், இது ஸ்டீராய்டு. எத்தனை நாளாக் குடுக்குறீங்க?

— ரெண்டு வருஷம் இருக்கும். மருந்துக் கடையில கேட்டேன், குடுத்தான். இதைப் போட்டா முனகாமப் படுப்பா. நானும் மனுஷன்தானேம்மா. வேலைக்குப் போயிட்டு வந்து கண்ணை மூட வேணாமா?

— இதைச் சட்டுனு நிறுத்தக் கூடாதுக்கா. டாக்டரைக் கேட்டு கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. வலி கூடும், பொறுத்துக்கணும். அப்புறமா ரத்தம் எடுக்கலாம். அழாதீங்கக்கா.

— அழலம்மா. அசதியா இருக்கு. என்னங்க, இப்படிப் பாருங்க. எனக்கு வலியே இல்லேன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே, அப்புறம் ரெண்டு வருஷமா எந்த வலிக்கு மாத்திரை குடுத்தீங்க?