கத்தி படாதுன்னு சொன்னீங்களாமே

இல்ல பிரதர், இத எனக்கு மொதமொதல்ல சொன்னது எந்த சர்ச்சு ஐயரும் கெடையாது, செமினரில படிச்ச ஆளும் கெடையாது. எங்க வூட்டுக்காரரு பொன்னுரங்கம்தான். சுனாமி அடிச்சுதே, அதுக்கு மறுவாரம். சாமிய கும்புடாதவன் ஒருத்தன்டி, சாமிய வேற யாரோன்னு நெனச்சிகினு கும்புடறவன் ஒருத்தன், இவனுக்கு அவன் எவ்வளவோ தேவலன்னாரு. நீங்க அந்த ரெண்டாவது ஆளு. கோவப்படாதீங்க. விசுவாசம் இல்லாம பேசறீங்க, யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததுன்னு நீங்கதான கேட்டீங்க?

டீ வேணாம். சிதம்பரத்துலேந்து கடலூரு வரைக்கும் நின்னுகினே வந்தேன், செத்த உக்காந்தா போதும்.

நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். எம்மருமவ ஜான்சிய இன்னிக்கு சாயந்தரம் ஆஸ்பத்திரில சேக்கணும், நாளைக்குக் காலைல ஆப்பரேஷன். நஞ்சுக்கொடி கீழ எறங்கி, புள்ள வர்ற வழிய அடச்சிகினு இருக்குது. வலி எடுத்துட்டா ரத்தம் நிக்காது, தாயும் தங்காது புள்ளயும் தங்காதுன்னு டாக்டரம்மா பொட்டுல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. போன வாரமே லேசா ரத்தம் பட்டு, வாரிச் சுருட்டிகினு ஓடுனோம். இப்ப எம்மவன் எழிலன் கையெழுத்துப் போட மாட்டேங்குறான். ஏன்னா, உபவாசக் கூட்டத்துல அவ தலமேல கைய வச்சி, இந்த மகள் மேல கத்தி படாது, சுகப்பிரசவம் ஆகும்னு கர்த்தர் சொல்றாருன்னு சொன்னீங்களாமே.

சொன்னீங்கல்ல? சரி.

கர்த்தர் எந்தப் பக்கத்துலேந்து சொன்னாரு, வலது காதுலயா இடது காதுலயா? இல்ல, தெரிஞ்சிக்கலாம்னுதான் கேக்குறேன். எனக்குப் படிப்பு எட்டாவதுதான். நீங்க பாலிடெக்னிக்ல எழிலனுக்கு ஜூனியரா படிச்சப்ப, நெல்லிக்குப்பத்துல எங்க வூட்டுக்கு வருவீங்க, ஞாபகம் இருக்குதா? கருவாட்டுக் கொழம்பு ஊத்துனா, இன்னும் கொஞ்சம் அம்மான்னு தட்ட நீட்டுவீங்க. அப்ப வெறும் செம்பியன். அரியர் வச்சிகினு அழுதுகினு வந்து நின்னீங்க. அந்தப் பேப்பருல என்ன கேள்வி வரும்னு அன்னிக்கு ஒருத்தரும் காதுல சொல்லல போலக்குது. இன்னிக்கு வாசல்ல போர்டு பாத்தேன், தீர்க்கதரிசி செம்பியன். பக்கத்துல உங்க போட்டோவே ஆறடி இருக்குது. இயேசுசாமி படம் ஓரமா, பாஸ்போர்ட் சைஸ்ல.

நடுவுல ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. நான் இன்னும் முடிக்கல.

உங்க கூட்டத்துக்கு ஒரு தடவ நானும் வந்தேன், எழிலன் கூட்டிகினு வந்தான். இங்க ஒரு சகோதரிக்கு இடுப்பு வலின்னு ஆண்டவர் காட்டுறாருன்னீங்க. எரநூறு பொம்பளைங்க தரையில உக்காந்திருக்குற எடத்துல, இடுப்பு வலி இல்லாதவ எவ பிரதர்? அதக் காட்ட ஆண்டவரு வானத்துலேந்து எறங்கணுமா? மூலையில உக்காந்திருந்த ஆரோக்கியம்மா எழுந்து அழுவுறா, கூட்டமே கை தட்டுது. எனக்கு மூஞ்சியத் தூக்கி எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. உங்களுக்காக இல்ல. ஆண்டவருக்காக வெக்கமா இருந்துது.

அதுக்கப்புறந்தான் எம்மவன் இந்த வெரல் வைக்கிற வேலய ஆரம்பிச்சான். எது செய்யிறதுன்னாலும் கண்ண மூடிகினு வேதத்தத் தொறந்து, வெரல வச்சி, பட்ட வசனத்தப் பாக்குறது. வண்டி வாங்கலாமா, வெரலு. மேல் வூட்டுக்குக் குடி போவலாமா, வெரலு. மேல் வூட்டுக்கு வச்சப்ப, கூடாரத்துத் திரைக்கு எத்தன முழம் துணின்னு சொல்ற எடத்துல பட்டுது. என்னாடா அர்த்தம்னு கேட்டா, ஆண்டவர் நமக்கு அளந்து வச்சிருக்காரும்மான்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டான். மழைக்காலத்துல அந்த வூடு ஒழுவுன ஒழுவலுக்கு, ஆண்டவரு அளந்து வச்சது வாளிதான். கோயில் வாசல்ல கிளி ஜோசியக்காரரு உக்காந்திருப்பாரே, அவரு இவன வுட யோக்கியரு. கிளி எடுத்த சீட்ட சாமி சொன்னதுன்னு அவரு சாதிக்க மாட்டாரு. கிளிக்கும் நாலு நெல்லு கெடைக்கும்.

ஆமா, அவன் படிச்சவன்தான். ஜான்சியும் கீரப்பாளையத்துல டீச்சரு. அதான் வவுத்தெரிச்சல். அவன்கிட்ட எதையாச்சும் எடுத்துச் சொன்னா, அது இறையியல் பேச்சும்மா, மண்டைக்குத்தான், இருதயத்துக்கு இல்லன்றான். நீங்க சொல்லிக் குடுத்த வார்த்ததான? இறையியல்னா என்னா பிரதர், ஏதோ கொம்பு மொளச்ச ஜந்துவா? நாம கும்புடறவரு யாரு, எப்படிப்பட்டவரு, எத செய்வாரு, எத செய்யவே மாட்டாருன்னு தெரிஞ்சிக்கிறது. அவ்வளவுதான? அடுப்பாங்கரையில ரெண்டு சீசா இருக்குது. ஒண்ணுல இருமல் மருந்து, ஒண்ணுல மண்ணெண்ண. சீசா மேல பேரு எழுதறது மண்டைக்கு, எனக்கு அன்பா ஊத்திக் குடுக்கறதுதான் முக்கியம்னு எவளாச்சும் சொல்லுவாளா? அன்பா ஊத்துனாலும் மண்ணெண்ண மண்ணெண்ணதான். கொழந்த வாயில நொர தள்ளும்.

எங்க வூட்டுக்காரரு எதுக்கு அதச் சொன்னாருன்னு கேளுங்க. சுனாமி முடிஞ்சி, அவரு கூட ஆலைல வேல செய்யிறவங்க எல்லாம் சேந்து அரிசி, துணி ஏத்திகினு கடலூருக்கு வந்தாங்க. பள்ளிக்கூடத்துல முகாமு. அங்க ஒரு ஊழியக்காரரு, உங்கள மாதிரி வெள்ள பேண்டு வெள்ள சட்ட, கையில பேட்டரி மைக்கு. கடல் யாருக்குக் கீழ்ப்படியும் தெரியுமா, மெய்யான தேவன அறியாத ஜனங்கள அவர் நியாயந்தீத்தாருன்னு பேசிகினு இருக்காரு. முன்னால முத்தம்மாள்னு ஒரு பொம்பள, மீன்காரங்க வூட்டுப் பொண்ணு, புள்ளயக் கடல்ல குடுத்துட்டு வந்தவ. அவ கத்தல, அழுவல. எம்புள்ளைக்கு இன்னும் பேச்சே வரல சாமி, அதுக்குள்ள உங்க தேவன எப்படி அறியும்னு கேட்டிருக்கா. அந்த ஆளு வேதத்தப் பொரட்டிகினு இருக்காராம், பதில் தேடி.

எங்க வூட்டுக்காரரு அதிந்து பேசாத மனுஷன். நேராப் போயி அந்த மைக்க வாங்கி, பேட்டரியக் கழட்டி ஜோபியில போட்டுகினு வந்துட்டாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்தவரு சோறு திங்கல. நம்ம சாமி எப்படிப்பட்டவருன்னு பாக்கணும்னா சிலுவையில போயி பாக்கணும்டி, வேற எங்கியும் மொகம் அவ்வளவு தெளிவாத் தெரியாது, அவரு அடிக்கிறவரு இல்ல, அடி வாங்குனவருன்னாரு. அதுக்கு மேல எந்த ஐயரும் எனக்குப் பிரசங்கம் பண்ணல. பண்ணாங்க, மனசுல நிக்கல.

அந்த மனுஷன் இருந்தா நான் உங்க வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன். அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

என்னாது? டாக்டருங்கள நம்பாம ஆண்டவர நம்பணுமா? அந்த ஸ்கேன் மிஷின்ல, ஒரு சின்னப் பொண்ணு ஜான்சி வவுத்துமேல எதையோ தேச்சிகினே, இதப் பாருங்கம்மா, நஞ்சு இங்க இருக்குன்னு காட்டுனா. கையளவு வெளிச்சத்துல எம்பேரப்புள்ள கால ஆட்டிகினு இருந்துது. மறைவா இருந்தத வெளிச்சத்துக்குக் கொண்டாந்து காட்டுனாங்க. அத வெளிப்பாடுன்னு சொல்ல மாட்டீங்களா? அதுக்கு முன்னாடி நின்னு நான் கண்ணுல தண்ணி வுட்டேன். அந்தப் பொண்ணு அல்லேலூயான்னும் சொல்லல, காணிக்கைப் பையும் நீட்டல, அதான் உங்களுக்குக் கொறச்சலாத் தெரியுது.

ஐயரு வூட்டுக்கு வந்து பேசிப் பாத்தாரு. அவருக்கு ஆவியோட அபிஷேகம் பத்தாதுன்னுட்டான். எம்பொண்ணு அனுப்பிரியா மெட்ராஸ்லேந்து போன்ல தொண்ட கிழியக் கத்துனா, அதுக்கு சாத்தான் போன்லயும் வருவான்னு சொல்லிட்டான். கூடப்பொறந்த தங்கச்சிய சாத்தான்னு சொல்ல வச்சீங்க, ரொம்ப சந்தோஷம். ஜான்சியே கையெழுத்துப் போடலாமேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவ எங்க போடுறா? அவரு சம்மதிக்கட்டும் அத்த, அவரு மனசு நொந்தா எனக்கு வேணாம்னு பையக் கட்டி வச்சிகினு உக்காந்திருக்கா. நேத்து மத்தியானம் அவளுக்குத் தல வாரி வுட்டுகினு இருந்தேன். திரும்பிக்கூட பாக்காம ஒண்ணு கேட்டா பிரதர். அத்த, நான் செத்துட்டா, ஜான்சிக்கு விசுவாசம் பத்தலன்னுதான எல்லாரும் பேசுவாங்கன்னு கேட்டா. சாவறதுக்கு பயப்படல அந்தப் பொண்ணு. செத்தப்புறம் நீங்க அவளப் பத்தி பிரசங்கம் பண்ணுவீங்கன்னு பயப்படுது.

இப்ப எதுக்குத் தலயக் குனிஞ்சிகினு இருக்கீங்க? பண்ண மாட்டீங்களா? போன வருஷம் அந்த சக்கர வியாதிக்காரருக்கு பண்ணீங்களே, நீங்க மாத்திரைய வுடச் சொன்னதுக்கு வுட்டாரே, அவரு அடக்கத்துல நின்னுகினே, உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்துதுன்னு சொன்னீங்களே. வாக்குப் பலிச்சா உங்க ஜெபம், பலிக்கலன்னா அவுங்க சந்தேகம். நல்ல வியாபாரம்பா. ரெண்டு பக்கமும் எடை போடுற தராசு உங்களுதுதான்.

இல்ல, ஆண்டவரு பேச மாட்டாருன்னு நான் சொல்ல வரல. கல்யாணமாகி வந்த நாள்லேந்து விடியக்காலத்துல முழங்கால் போடுறேன். ஒரு நாளும் ஒரு கொரலும் கேட்டதில்ல, வெளிச்சம் கிளிச்சம் பாத்ததில்ல. எழுந்திரிக்கும்போது, பக்கத்து வூட்டு ராசம்மாளப் பேசுனது தப்பு, போயி மன்னிப்பு கேளுன்னு தோணும். போயி கேப்பேன். எனக்கு வர்ற வெளிப்பாடெல்லாம் அந்த மாதிரிதான். எனக்கு லாபமா ஒண்ணுகூட வந்ததில்ல, அதனாலயே அவருதான்னு நம்புறேன். இன்னிக்குக் காலைலயும் முழங்கால் போட்டேன். எழுந்திரிக்கும்போது, கடலூரு பஸ்ஸப் புடின்னுதான் தோணுச்சி. எனக்கு இஷ்டமே இல்ல. இருந்தாலும் புடிச்சிட்டேன்.

உங்களத் திருத்த வரல தம்பி. சண்ட போடவும் வரல. சண்டைன்னா அனுப்பிரியாவ அனுப்பியிருப்பேன்.

நேர்வழி ஒண்ணு இருக்குது. அத மொதல்ல கேட்டுடறேன். எழிலன்கிட்ட, அன்னிக்குச் சொன்னது கர்த்தர் இல்லடா, செம்பியன்தான், ஆசையில வாயில வந்துடுச்சின்னு சொல்லிடுங்க. ஒரு நிமிஷம் ஆவாது. என்னா? முடியாதா? இல்ல, யோசிச்சிப் பாருங்க. ம். சபை செதறிடுமா. ஜனங்க இடறிப் போயிடுவாங்களா. ஆமா ஆமா, அம்மாம் பெரிய போர்டு வச்சாச்சு.

தெரியும். பஸ்ஸுல வரும்போதே தெரியும்.

சரி, அது வேணாம். புதுசா ஒண்ணு சொல்லுங்க. ஜெபத்துல இருந்தேன், கர்த்தர் திரும்பப் பேசுனாரு, ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்றாருன்னு சொல்லுங்க. டாக்டரம்மா கையில தம்முடைய கைய வச்சிருக்காருன்னு சொல்லுங்க. கத்தி படாதுன்னு சொன்னதுக்கு வேற அர்த்தம் இருக்குன்னு சொல்லுங்க, உங்களுக்கு அர்த்தம் கண்டுபுடிக்கவா சொல்லிக் குடுக்கணும்? உங்க கொரல்ல, அந்த நடுக்கத்தோட சொல்லணும். பெத்தவ சொல்லி, கூடப்பொறந்தவ சொல்லி, டாக்டரு சொல்லி, ஐயரு சொல்லிக் கேக்காத புள்ள அது. பிரதர் சொன்னா போறேம்மான்னு அவனே சொல்லிட்டான்.

ஆமா, அதத்தான் கேக்குறேன். எட்டுப் பஸ்ஸு மாறிக்கூட வந்திருப்பேன், அதக் கேக்கத்தான் வந்தேன். பொய் சொல்லச் சொல்றீங்களாம்மான்னு உங்க வாயால கேக்குறது கேக்க நல்லாத்தான் இருக்குது. அது பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியல பிரதர். அந்தக் காலத்துல கழுத வாயத் தொறந்து பேச வச்ச ஆண்டவரு அவரு. தெரிஞ்சேதான் அந்தக் கழுதயத் தேடிகினு நான் வந்திருக்கேன். உங்களுக்குத் தெரியாமலே, வாழ்க்கையில மொத தடவயா, அவரு சொல்லச் சொன்னதையே நீங்க சொல்றதா இருக்கட்டுமே.

எழிலன் இந்நேரம் வூட்லதான் இருப்பான். இப்பவே போனு போடுங்க. தனியா அந்தாண்ட போவாதீங்க, இங்கியே உக்காந்து ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் கேக்கணும்.