மடியில் திரும்பிய கைப்பிடி

இரவு மணி ஒன்பது... அதற்குள் போர்வையை இழுக்காதீர்கள், அது ஜப்பான்காரன் மணி. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும். அதனால் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் பொழுது இறங்கியிருந்தது. துரை பங்களாவுக்கு ஏறும் செம்மண் சாலை. ஈ காக்கை இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்... என் கூட்டாளி பிச்சையின் பெரியம்மா, குணவதி.

நாற்பத்து மூன்றாம் வருடம். சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டான். காலியான அவன் பங்களாவின் ஜன்னல் இல்லாத பின்னறையில் குணவதியின் புருஷன் அழகேசன் ஒளிந்திருந்தான். தோட்டத்துத் தச்சன் அவன்.

எதிரே நவமணி வந்தாள். கூலி லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி, தனிக்கட்டை. கையில் காலித் தூக்கு.

"அண்ணனுக்குக் கஞ்சி குடுத்துட்டு வரேன்க்கா. பாவம், இன்னைக்குத்தான் கொஞ்சம் சிரிச்சாரு."

சிரித்தானாமே! குணவதி அவன் சிரிப்பைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. விடுவிடுவென்று மேலே ஏறினாள்.

இதோ, இந்தக் கதவைப் பாருங்கள். உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ஒன்று. இரண்டையும் கோத்திருப்பது நடுவில் ஒரே ஒரு சதுரக் கம்பி. கைப்பிடியை அழுத்தினால் கம்பி திரும்பும். கம்பி திரும்பினால் பூட்டின் நாக்கு உள்ளே போகும். விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிவிடும். கம்பி இல்லையென்றால்... கைப்பிடி வெறும் பித்தளைதான். லயத்துக் கதவில் இதெல்லாம் ஏது? அங்கே தாழ்ப்பாளோடு சரி. அழகேசன்தான் பெருமையாக அவளுக்கு விளக்கியிருந்தான். பின்னறையின் உள் கைப்பிடியில் திருகாணி தொலைந்துபோனதையும் சொல்லியிருந்தான். வெளிக் கைப்பிடியை இழுத்தால் அது கம்பியோடு கழன்று வந்துவிடுமாம்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவன் குறட்டை. குணவதி மெல்லச் சாத்தினாள். க்ளிக். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு வந்தது. உள்ளே மற்றது தரையில் விழுந்தது... டங். குறட்டை நிற்கவில்லை.

இனி எவள் திறக்கிறாள் பார்க்கலாம் என்று அதை மடியில் செருகிக்கொண்டாள். விடிந்ததும் தானே வந்து திறப்பதாகத்தான் எண்ணம். அதை நான் நம்புகிறேன்.

இறங்கி வந்தால் சாலை முக்கில் ஜப்பான்காரன் லாரி நின்றது. அன்று பொம்பளைகளையும் விடவில்லை. துப்பாக்கிக் கட்டையால் தள்ளி ஏற்றினார்கள். உள்ளே ஏற்கெனவே நவமணி உட்கார்ந்திருந்தாள்.

சுங்கை பட்டாணியில் சரக்கு ரயில். இரும்புப் பெட்டி, மூத்திர நாற்றம், கும்மிருட்டு. பெட்டி நகர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்... மடியில் கைப்பிடி திரும்பியது. அரைச் சுற்று. கரக். கொஞ்சம் பொறுத்து மறுபடி. அங்கே உள்ளே ஒருவன் விழித்துவிட்டான்.

அலோர் ஸ்டாரில் ரயில் நின்றது. ஸ்டேஷனில் வேலை செய்யும் நம்மாள் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஊருக்கு ஏதாச்சும் சொல்லணுமா? சீக்கிரம் சொல்லுங்கலா, ஜப்பான்காரன் பாக்குறான்."

நவமணி முந்திக்கொண்டாள். "கோலா கெத்தில்ல தச்சர் அழகேசன்னு இருக்காரு. நவமணி திரும்பி வந்துருவான்னு சொல்லுங்கண்ணே."

"உங்களுக்கும்மா?"

பின்னறை. அந்த ஒரு வார்த்தை போதும், ஓர் உயிர் பிழைத்துவிடும். அது குணவதியின் நாக்கு நுனிவரை வந்தது. மடியில் கைப்பிடி படபடவென்று திரும்புகிறது... அவள் நவமணியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு வெட்கம். வாயை இறுக மூடிக்கொண்டாள். ரயில் புறப்பட்டுவிட்டது. பாவி, பாவி! எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

மூன்று நாள் ஓயாமல் திரும்பியது. இடுப்பில் தோல் உரிந்துவிட்டது. நான்காம் நாள் மிக மெதுவாக ஒரே ஒரு தடவை... அப்புறம் இல்லை.

சயாமில் இரண்டாம் மாதமே நவமணி வாந்திபேதியில் போய்விட்டாள். குணவதிதான் காலைப் பிடித்து இழுத்துக் குழியில் போட்டு மண் தள்ளினாள். அப்போதும் அழவில்லை என்று அவளே பிச்சையிடம் சொல்லியிருக்கிறாள்.

சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவள், லயத்துக்குப் போகாமல் நேரே பங்களாவுக்கு ஏறினாள். ஜப்பான்காரன் சுடுவான் என்று அந்தப் பக்கம் யாருமே போகவில்லையாம். இடுப்பு உயரம் லாலான் புல். பின்னறைக் கதவு அவள் சாத்தியபடியே இருந்தது. கைப்பிடி ஓட்டையில் சிலந்தி வலை.

வலையைத் துடைத்துவிட்டுக் கம்பியை நுழைத்தாள். அழுத்தினாள். நாக்கு உள்ளே போயிற்று.

கதவு மூன்று விரல் அகலம் திறந்தது. பிண நாற்றம் இல்லை. விளக்கெண்ணெய் எரிகிற வாசனை. அதற்கு மேல் கதவு நகரவில்லை... உள்ளே யாரோ கை வைத்துத் தடுப்பதுபோல. வளையல் குலுங்கியது.

அப்புறம் நவமணியின் குரல், ரொம்பக் கிட்டத்தில்.

"மெல்லக்கா... அவர எழுப்பிறாதீங்க. கதவச் சாத்திட்டுப் போங்க."